தண்ணீர்த் தொட்டி வரை

ஓடத் தெரிந்த ஒருவன் இருந்ததால்தான் மனித குலம் பிழைத்தது. புலிக்கு முன்னால் ஓடியவன், மானுக்குப் பின்னால் ஓடியவன், போர்ச் செய்தியைச் சுமந்துகொண்டு மலை தாண்டி ஓடியவன், இந்த மூவரின் கால்களில் ஏறித்தான் நாகரிகம் நம் வாசலுக்கு வந்து சேர்ந்தது. இந்த அரிய கருத்தைப் பல் டாக்டர் இருபத்து நான்கு வருடங்களாகச் சொல்லி வருகிறார். இதுவரை ஒருவர்கூட மறுத்துப் பேசியதில்லை. அவர் சொல்லும் நேரத்தில் கேட்பவரின் வாய்க்குள் இரண்டு பஞ்சு உருண்டைகளும், எச்சில் உறிஞ்சும் குழாயும், டாக்டரின் விரல்களும் இருக்கும்.

நாகரிகத்தை முடித்துவிட்டுத் தன்னிடம் வருவார். அரை மாரத்தான், இருபத்தொரு கிலோமீட்டர், ஒன்றே முக்கால் மணி நேரம். "ஒன்றே முக்கால்" என்று சொல்லும்போது அவருடைய கால் தானாகவே துளையிடும் கருவியின் பெடலை ஒரு அழுத்து அழுத்தும். நோயாளி நாற்காலியின் கைகளை இறுகப் பற்றிக்கொள்வார். டாக்டர் அதை வியப்பு என்று எடுத்துக்கொள்வார். அவருடைய உதவியாளர் அம்மாவுக்கு இந்தக் கதை எவ்வளவு பழக்கமென்றால், டாக்டர் கருவிகளைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டிய அவசியமே இல்லை. டாக்டர் கதையில் ரயில்வே கேட்டைத் தாண்டும்போது பல் பார்க்கும் கண்ணாடியைக் கொடுப்பார், தண்ணீர்த் தொட்டி வந்ததும் பல் அடைக்கும் சிமெண்ட்டைக் குழைக்க ஆரம்பிப்பார். ஒரு தடவை டாக்டர் ஏதோ அவசரத்தில் கதையைச் சொல்லாமல் வேலையில் இறங்க, அந்த அம்மா கையைப் பிசைந்துகொண்டு நின்றார். பல்லும் சரியாக அமையவில்லை.

அந்த ஒன்றே முக்கால் மணி நேரத்தை அவர் அப்படிப் பொத்திப் பொத்தி வைத்திருந்ததற்குக் காரணம் உண்டு. வாழ்க்கையில் அவருக்கு மற்ற எல்லாமே தாமதமாகத்தான் வந்தன. பட்டம் இரண்டாவது முயற்சியில். சொந்த கிளினிக் நாற்பதை நெருங்கும்போது. தலைமுடி மட்டும் விதிவிலக்கு. அது சீக்கிரமே கிளம்பிவிட்டது. போதாக்குறைக்குப் பல் வைத்தியத்தில் புகழ் கிடையாது. வலி போனதும் டாக்டரையும் மறந்துவிடுவார்கள். ஆக, இந்த மனிதர் பிறந்ததிலிருந்து ஒரே ஒரு நாள்தான், ஒரே ஒரு இடத்துக்குத்தான், எல்லாரும் எதிர்பார்த்ததைவிட முன்னதாக வந்து சேர்ந்திருக்கிறார். அந்த ஒரு நாளை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது பற்கள்தான்.

ஒரு பிஸ்கட் கம்பெனி நடத்திய அந்தப் பந்தயம் ஒரே வருடத்தோடு நின்றுபோனது. இப்போது நகரத்தின் காலை ஓட்டக் குழு, அதே பழைய பாதையில், அதே பந்தயத்தை மறுபடியும் நடத்தப் போவதாக அறிவித்தது. குழுவின் தலைவருக்குக் கேப்டன் என்று பெயர். எந்தக் கப்பலுக்கும் எந்தப் படைக்கும் அவர் தலைமை வகித்ததில்லை. தண்ணீர் சுத்திகரிக்கும் இயந்திரம் விற்பவர். கழுத்தில் எப்போதும் ஒரு விசில் தொங்கியதால் வந்த பட்டம். குழுவில் அனைவரும் ஓட்டத்தைப் பற்றிப் பேசினார்கள், ஓட்டத்துக்கான உணவைப் பற்றிப் பேசினார்கள், முழங்காலைப் பற்றி மணிக்கணக்கில் பேசினார்கள், மிச்ச நேரத்தில் கொஞ்சம் ஓடினார்கள்.

பூங்காவில் எல்லாரும் காலை நீட்டி உட்கார்ந்திருந்த ஒரு காலையில், டாக்டர் எழுந்து நின்று, தன் பெர்சனல் பெஸ்ட்டை, அதாவது தன்னுடைய மிகக் குறைந்த நேரமான அந்த ஒன்றே முக்காலை, தானே உடைக்கப் போவதாக அறிவித்தார். கேப்டன் விசிலை வாயிலிருந்து எடுத்தார்.

"சார், அப்ப உங்களுக்கு இருபத்தேழு வயசு. இப்ப ரெண்டரை மணி நேரம்னு வச்சுக்குங்க. கௌரவமா இருக்கும்."

"யாருக்கு கௌரவம்?"

"முழங்காலுக்கு சார்."

எல்லாரும் சிரித்தார்கள். டாக்டரும் சிரித்தார், ஆனால் அன்றைக்குக் கிளினிக்கில் மூன்று பேருக்கு வழக்கத்தைவிட ஆழமாகத் துளை போட்டார்.

அடுத்த மூன்று மாதங்கள் அந்த வீடு ஒரு பாசறையாக மாறியது. கீழே மனைவியின் மருந்துக்கடை, நடுவில் கிளினிக், மேலே குடித்தனம் என்று மூன்று அடுக்கு வீடு அது. மூன்று அடுக்கிலும் தசைவலி ஸ்பிரே வாசனை. ஆரஞ்சு நிறத்தில் ஷூ வந்தது. பெண் குரலில் பேசும் கைக்கடிகாரம் வந்தது. அது அவரைப் பாராட்டவும் செய்தது, சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருக்கும்போது எழுந்து நடக்கச் சொல்லி மிரட்டவும் செய்தது. ஓடும்போது தெம்புக்கு உறிஞ்சிக் குடிக்கும் சர்க்கரைக் கூழ்ப் பொட்டலங்களும் வந்தன. சாக்லேட் தின்னும் குழந்தைகளை மிரட்டியே பெயர் வாங்கிய மனிதர், இடுப்புப் பட்டையில் அதைவிட இனிப்பான சமாச்சாரத்தை வரிசையாகச் சொருகிக்கொண்டு கண்ணாடி முன் நின்றார்.

"பல்லு விளக்கிட்டுத் தூங்குங்க டாக்டர்" என்றாள் மனைவி. அவரைக் கேலி செய்யும்போது மட்டும் அவள் டாக்டர் என்று கூப்பிடுவாள்.

கேப்டன் பாதையின் வரைபடத்தை எல்லாருடைய கைபேசிக்கும் அனுப்பியிருந்தார். டாக்டர் அதைத் திறக்கவில்லை. தன் வீட்டுக்குப் போக யாராவது வரைபடம் பார்ப்பார்களா என்று கேட்டார். கண்ணைக் கட்டிவிட்டாலும் அந்தப் பாதையில் தன் கால் தானே போகும் என்றார். பந்தயத்துக்கு முந்தின நாள் மனைவி, தானும் வருவதாகவும், மருந்துக்கடைக்காரர்கள் சார்பில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் மேசை போட்டுத் தண்ணீர் கொடுக்கப் போவதாகவும் சொன்னாள். இருபத்து நான்கு வருடங்களுக்கு முன் அவர் அவளை முதன்முதலாகப் பார்த்ததே அந்தத் தொட்டி நிழலில், அந்த மாதிரி ஒரு மேசைக்குப் பின்னால்தான்.

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் விசில் ஒலித்தது. டாக்டர் ஓடத் தொடங்கிய முதல் நிமிடத்திலேயே இன்றைய தெரு கரைந்து, பழைய தெரு மேலே வந்துவிட்டது.

அப்போது அவர் ஒரு பெரிய டாக்டரிடம் உதவியாளராக இருந்தார். ஷூ கிடையாது, பெரியப்பா மகனுடைய கேன்வாஸ் ஷூவைக் கடன் வாங்கி, முன்பக்கம் செய்தித்தாளைத் திணித்துப் போட்டுக்கொண்டார். தொடக்கக் கோட்டில் பிஸ்கட் கம்பெனியின் மேலாளர் ஒரு முக்காலி மேல் ஏறி நின்று ஒலிபெருக்கியில் விதிகளைச் சொன்னார். ஓடுகிறவர் எங்கே, எப்போது வந்தார் என்று தானாகவே குறித்துக்கொள்ளும் சிப்பு, மின்னணு விரிப்பு என்று எதுவும் இல்லாத காலம். பாதி தூரத்தில், திரும்பும் இடத்தில், ஓடி வருகிறவர் கையில் ஒரு ரப்பர் பேண்ட் போடுவார்கள். ரப்பர் பேண்ட் கைக்கு வந்தால் திரும்ப வேண்டியது, அது இல்லாமல் வந்து சேர்ந்தால் ஓட்டம் செல்லாது. அவ்வளவுதான் விதி. முக்காலி ஆடியதில் மேலாளர் பாதிப் பேச்சிலேயே கீழே இறங்கிவிட்டார்.

இப்போது மரச்சாமான் கடையாகிவிட்ட சினிமாக் கொட்டகை வந்தது. அன்றைக்கு அதன் வாசலில் காவலாளி கொட்டாவி விட்டுக்கொண்டே கை தட்டினார். அடுத்து அச்சகம். இப்போதும் ஏதோ அச்சடிக்கிறார்கள், ஆனால் அந்த மை வாசனை இல்லை. அந்த வாசனைக்காகவே அன்று மூச்சை இரண்டு தடவை இழுத்தது டாக்டருக்கு நினைவு வந்தது. ரயில்வே கேட் இருந்த இடத்தில் சுரங்கப்பாதை. சைக்கிள் கடை இருந்த இடத்தில் சைக்கிள் கடையேதான், பெயர்ப் பலகை மட்டும் பெரிதாகியிருந்தது. ஒவ்வொரு திருப்பத்திலும் அந்த இருபத்தேழு வயதுப் பையன் இரண்டடி முன்னால் ஓடிக்கொண்டிருந்தான். ஒல்லியாக, காது இரண்டும் சிவந்து, ஷூவுக்குள் செய்தித்தாள் சரசரக்க. டாக்டருக்கு அவன் மேல் பொறாமையும் வந்தது, பிரியமும் வந்தது. நில்லுடா, உன்னைப் பிடிக்கிறேன் பார் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டு வேகத்தைக் கூட்டினார். குழுவில் சிலரைத் தாண்டினார். கேப்டனையே தாண்டினார். கேப்டன் பின்னாலிருந்து, இது அரை மாரத்தான், பஸ் பிடிக்கிற ஓட்டம் இல்லை என்று கத்தியதை அவர் காதில் வாங்கவில்லை.

தண்ணீர்த் தொட்டியின் தலை மரங்களுக்கு மேலே தெரிந்தபோது கடிகாரத்தைப் பார்த்தார். ஐம்பது நிமிடம். ஒன்றே முக்கால் மணியில் பாதிக்கும் குறைவு. பையன் பின்தங்கிவிட்டான். அப்போது கடிகாரத்துப் பெண், ஏழரை கிலோமீட்டர் ஆகியிருக்கிறது என்று இனிமையாகச் சொன்னாள். பாதி தூரம் என்றால் பத்தரை இருக்க வேண்டும். ஆகாயத்தில் எங்கோ சுற்றும் செயற்கைக்கோளுக்கு இந்த ஊரைப் பற்றி என்ன தெரியும் என்று டாக்டர் அவளை மன்னித்துவிட்டார்.

தொட்டி நிழலில் மேசை. மேசைக்குப் பின்னால் மனைவி, காகிதக் கோப்பைகளை அடுக்கிக்கொண்டு. இரட்டைச் சடை இல்லை, கண்ணாடி வந்திருக்கிறது. மற்றபடி அதே நிற்கும் விதம், ஒரு காலில் பாரத்தைப் போட்டு. அன்றைக்கு இந்த இடத்தில்தான் அவருடைய கடிகாரப் பட்டை அறுந்தது. அவர் தண்ணீரை வாங்கக் கை நீட்டியபோது கடிகாரம் நழுவ, அவள் அதைப் பிடித்து, மேசையிலிருந்து ஒரு ரப்பர் பேண்டை எடுத்து, அவருடைய மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு மாட்டிவிட்டாள். அவ்வளவுதான் நடந்தது. அதற்குப் பிறகு திரும்பி ஓடிய ஓட்டத்தில் கால் தரையில் படவே இல்லை என்பதை நோயாளிகள் அனைவரும் அறிவார்கள்.

டாக்டர் தண்ணீரைக் குடித்தார். கோப்பையைக் கூடையில் வீசினார். வந்த வழியே திரும்பப் போனவர், ஏதோ உறுத்த, நின்றார். அவருக்குப் பின்னால் வந்தவர்கள் எல்லாரும் திரும்பாமல் நேராகப் போய்க்கொண்டிருந்தார்கள். கேப்டனும் கையசைத்துவிட்டு நேராகப் போனார்.

"என்ன இது, எல்லாரும் நேரா போறாங்க?"

"பாலத்துக்குப் போறாங்க. அங்கதான் திரும்பணும்" என்றாள் மனைவி.

"பழைய பாதைன்னு சொன்னானே அந்த விசிலு. பழைய பாதையில இங்கதானே திரும்பினோம்."

மனைவி ஒரு கோப்பையை எடுத்து இன்னொரு கோப்பைக்குள் வைத்தாள்.

"பழைய பாதைதாங்க. அப்பவும் பாலம்தான்."

"எனக்கு இங்கதானே ரப்பர் பேண்ட் போட்டாங்க. நீதானே போட்ட."

"வாட்ச் விழுந்துடும்னு போட்டேன்."

டாக்டர் அசையாமல் நின்றார். கடிகாரத்துப் பெண், வேகம் குறைந்துவிட்டதாகத் தெரிவித்தாள்.

மனைவி மெதுவாகத்தான் சொன்னாள், வந்து போகிறவர்களுக்குத் தண்ணீர் நீட்டிக்கொண்டே. அந்த ரப்பர் பேண்ட் காகிதக் கோப்பைகளைக் கட்டியிருந்தது. திரும்பும் இடத்துக்கான ரப்பர் பேண்ட் பாலத்தில் இருந்தது, பிஸ்கட் கம்பெனிக்காரர்கள் ஒரு டப்பா நிறைய வைத்திருந்தார்கள். அன்று ஓடியவர்கள் எல்லாரும் அவள் மேசைக்கு இரண்டு தடவை வந்தார்கள், போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை. இவர் மட்டும் ஒரு தடவைதான் வந்தார். தண்ணீரைக் குடித்தார், கையைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், வந்த வழியே திரும்பி ஓடிவிட்டார். பாவம், முடியவில்லை போலிருக்கிறது, பாதியில் விட்டுவிட்டு வீட்டுக்குப் போகிறார் என்றுதான் அவள் நினைத்தாள். அங்கே முடிவுக் கோட்டில் நின்றவர்கள் கையில் ரப்பர் பேண்ட் இருக்கிறதா என்று பார்த்தார்கள். இருந்தது. மெடலைக் கழுத்தில் மாட்டிவிட்டார்கள்.

"ஏன் அப்பவே சொல்லல?"

"எப்ப சொல்றது? அடுத்த வாரம் நான் வேலை பாத்த கடைக்கு இருமல் மாத்திரை வாங்க வந்தீங்க. சட்டைப் பையிலேருந்து மெடலை எடுத்துக் காட்டினீங்க. உங்களுக்கு இருமலே இல்ல. அப்படி நிக்கிற ஆள்கிட்ட என்னத்தச் சொல்ல?"

"அப்புறம்?"

"அப்புறம் கல்யாணம் பேசினாங்க. அப்புறம் குழந்தை, வீடு, கிளினிக்கு. நடுவுல எங்கங்க சொல்றது?"

டாக்டர் மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டார். இருபத்து நான்கு வருடங்கள், எத்தனை வாய்கள். பொய் சொன்னதாக அவர் மேல் யாரும் பழி போட முடியாது. அவர் நம்பியதைத்தான் சொன்னார். அதுவே இன்னும் கேவலமாக இருந்தது. அந்த ஒல்லிப் பையன் சீக்கிரம் வந்து சேர்ந்ததற்கு அவன் கால் காரணம் இல்லை. முழு தூரத்தையும் ஓடியிருந்தால் அவனும் கேப்டன் சொன்ன அந்தக் கௌரவமான இரண்டரை மணி நேரத்தில்தான் வந்திருப்பான், மற்ற எல்லாவற்றிலும் வந்ததுபோலவே, தாமதமாக. இத்தனை நாள் தன்னைவிட வேகமான ஒருவனாக ஒரு காலத்தில் இருந்ததான நினைப்பில் வாழ்ந்திருக்கிறார். அந்த ஒருவன் இல்லை.

பாலம் இன்னும் மூன்று கிலோமீட்டர். பாதி தூரம் வந்துவிட்டதாக நினைத்துச் செலவழித்த கால்களில் மிச்சம் அதிகம் இல்லை. திரும்பினால் மரச்சாமான் கடை, வீடு, வெந்நீர்.

"இப்ப திரும்பிட்டா?" என்று கேட்டார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

"திரும்பலாம். உங்களுக்குப் பழக்கம்தானே."

அவள் சிரிக்காமல்தான் சொன்னாள். ஆனால் சொன்ன கையோடு இன்னொரு கோப்பைத் தண்ணீரை நிரப்பி நீட்டினாள். டாக்டர் குடித்தார். கையின் பின்புறத்தால் வாயைத் துடைத்துக்கொண்டு பாலத்தைப் பார்த்து ஓடினார்.

அதை ஓட்டம் என்று சொல்வது மரியாதைக்காக. காரில் அந்தச் சாலையில் எத்தனையோ தடவை போயிருக்கிறார். காலால் இப்போதுதான் போகிறார். இங்கே நினைவுகள் கிடையாது. தொட்டி வரைக்கும் ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு கதை இருந்தது; தொட்டியைத் தாண்டியதும் வெறும் சாலை, வேலிகள், ஒரு பழைய கிடங்கு, எங்கோ குரைக்கும் நாய். முன்னால் யாரும் ஓடவில்லை. அந்தப் பையன் தொட்டியோடு நின்றுவிட்டான், கையைப் பிடித்த பெண்ணை இன்னும் பார்த்துக்கொண்டு. அவனைத் திட்ட டாக்டருக்கு மனம் வரவில்லை. அந்த வயதில், அந்த நிழலில், அவன் இடத்தில் யார் இருந்திருந்தாலும் திசை மாறித்தான் போயிருக்கும்.

எதிரே திரும்பி வந்த கேப்டன் நின்று, முகத்தைப் பார்த்துவிட்டு, ஊதப் போன விசிலைக் கீழே விட்டார்.

"சார், வண்டியை வரச் சொல்லட்டுமா?"

"வேண்டாம். பாலத்தைப் பாக்கணும்."

பாலத்தைப் பார்க்க வேண்டும் என்று ஒரு அரை மாரத்தான்காரர் சொல்லிக் கேப்டன் கேட்டதில்லை. தோளில் தட்டிவிட்டுப் போனார்.

பாலத்தில் விரிப்பின் மேல் கால் வைத்ததும் அது சின்னதாக ஒரு சத்தம் போட்டது. அங்கே நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர் தலையை ஆட்டிவிட்டு மறுபடியும் செய்தித்தாளுக்குள் போனார். டாக்டர் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு கீழே ஓடிய தண்ணீரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். இருபத்து நான்கு வருடங்கள் தாமதமாக வந்திருக்கிறார். ஆனால் வந்துவிட்டார். அது அவருடைய வழக்கமான பாணிதான் என்று தோன்றியதும் முதல் தடவையாக அன்று சிரிப்பு வந்தது. சிரித்ததில் இடுப்பில் பிடித்துக்கொண்டது.

திரும்பி அவர் தொட்டிக்கு வந்தபோது மேசையை வண்டியில் ஏற்றிக் கொண்டுபோய்விட்டார்கள். மனைவி மட்டும் தோளில் பையோடு நின்றிருந்தாள். வண்டியில் போகவில்லையா என்று கேட்டார். எல்லாரும் ரெண்டு தடவை வந்தாங்க, நீங்க இன்னொரு தடவை வருவீங்கன்னு நின்னேன் என்றாள்.

இருவரும் கிளம்பினார்கள். டாக்டர் கொஞ்சம் ஓடினார், நிறைய நடந்தார். அவள் பக்கத்தில் நடந்தாள். சைக்கிள் கடை, சுரங்கப்பாதை, அச்சகம் என்று பழைய இடங்கள் தலைகீழ் வரிசையில் வந்தன. அந்த நாளின் கதையில் அவருக்குத் தெரியாத அவளுடைய பாதி இப்போதுதான் வெளியே வந்தது. அன்று அந்த மேசைக்கு வந்தவர்களில் தண்ணீரைக் குடித்துவிட்டு நன்றி சொன்னவர் அவர் ஒருவர்தானாம். மற்றவர்கள் கோப்பையை வீசிவிட்டுப் போனார்களாம். செய்தித்தாள் ஷூவுக்கு வெளியே எட்டிப் பார்த்ததாம். அதில் ஒரு சோப்பு விளம்பரமாம். அவர் போனபிறகு கட்டு அவிழ்ந்த கோப்பைகள் காற்றில் பறந்து, அவள் பாதிப் பந்தயத்தைக் கோப்பை பொறுக்குவதிலேயே கழித்தாளாம். சொல்லிக்கொண்டே வந்தவள், மரச்சாமான் கடை அருகே நின்றாள்.

"தொட்டி வரைக்கும் எவ்வளவு நேரம் எடுத்தீங்க?"

"அம்பது நிமிஷம்."

"அப்ப தொட்டி வரைக்கும் அந்தப் பையனை ஜெயிச்சுட்டீங்க."

"மிச்சத்துக்கு?"

"மிச்சத்துல அவன் ஓடவே இல்லையே. இன்னிக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தாலும் அதான் உங்க பெர்சனல் பெஸ்ட்டு."

டாக்டர் மூக்கை உறிஞ்சினார், வியர்வை என்று சொல்லிக்கொண்டார். தூரத்தில் முடிவுக் கோட்டின் மேல் நிறுத்தியிருந்த காற்றடைத்த வளைவு தெரிந்தது, காற்று இறங்கி ஒரு பக்கமாகச் சாய்ந்து. அதன் கீழே கேப்டனும் குழுவில் மிஞ்சியிருந்த நாலைந்து பேரும் நின்றிருந்தார்கள். மூன்று மணி நேரத்தைத் தாண்டிவிட்டது. யாரும் வீட்டுக்குப் போகாமல் அவருக்காகத்தான் நிற்கிறார்கள் என்று புரிந்தபோது டாக்டர் நிமிர்ந்தார். சட்டையை இழுத்துவிட்டார். இதுவரை ஓடாத ஓட்டத்தையெல்லாம் சேர்த்துவைத்து ஓடத் தொடங்கினார். முழங்கை ஆடியது, கழுத்து நரம்பு புடைத்தது, பல் தெரிந்தது. கேப்டன் விசிலை ஊத, எல்லாரும் கை தட்டினார்கள். அந்தக் கடைசி நூறு மீட்டரில் டாக்டர் தன் முழு வேகத்தில் ஓடினார் என்பதில் அங்கே இருந்த எவருக்கும் சந்தேகம் இல்லை.

மனைவி நடந்துதான் வந்தாள், செருப்போடு. கோட்டை முதலில் தாண்டியது அவள்.